தள்ளாட ஆள் தேவை

விழப்போகிறவருக்குப் பின்னால், அவர் விழும்வரை கையை நீட்டிக்கொண்டு சும்மா நிற்பதுதான் என் தொழில். நாள் முழுக்க நின்று சம்பாதிக்கிற எல்லோரும் எனக்கு உறவு: பாதுகாவலர்கள், ஆசிரியர்கள், மாமாக் உணவுக்கடையில் ரொட்டி சானாய் மாவு வீசுகிறவர்கள். உங்கள் குதிகால் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் எதிரில் நிற்பவராவது நேராக நிற்பார். என் தொழிலில் அந்த வசதி இல்லை.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சில்லுகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கும் ஆய்வறைக்கு வேலைக்கு வந்தேன். எங்கள் டாக்டர் யாழினி மருந்து எழுதும் டாக்டர் அல்ல, ஆராய்ச்சி டாக்டர். விண்வெளிக்குப் போய்த் திரும்புகிறவர்கள் தரையில் கால் வைத்ததும் ஏன் தள்ளாடுகிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. காதுக்குள் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறதாம். எது மேல், எது கீழ் என்று அதுதான் நமக்குச் சொல்கிறதாம். விண்வெளியில் மேலும் இல்லை, கீழும் இல்லை, அது குழம்பிப்போகிறது. அதோடு மாதக்கணக்கில் கண்ணும் கருத்துமாக வேலை பார்த்து மூளையும் களைத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் மனிதன் எவ்வளவு ஆடுவான்?

எங்களிடம் ராக்கெட் கிடையாது. அதனால் வருகிறவரை ஒரு மணி நேரம் கணினி முன்னால் உட்காரவைத்து மூளையைக் களைக்க வைப்போம். பிறகு சுழல் நாற்காலியில் வைத்துச் சுற்றுவோம். கண்ணைக் கட்டி, மெத்தென்ற நுரைப் பலகைமேல் நிறுத்துவோம். பலகைக்கு அடியில் உள்ள கருவி அவர் எவ்வளவு ஆடுகிறார் என்று அளக்கும். ஆணென்றால் பின்னால் நான் நிற்பேன், பெண்ணென்றால் என்னோடு வேலை பார்க்கும் பிலோமினா. நிஜமாகவே விழப்போனால்தான் அவர் இடுப்பில் நாங்கள் கட்டிவிட்ட வாரைப் பிடிக்கலாம். அதற்கு முன் தொடக்கூடாது. விரல் நுனி பட்டாலே ஆள் நேராகிவிடுவார், அளவு கெட்டுவிடும்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வராது. இங்கே வருகிறவர்களோ கண்ணைக் கட்டிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு வேலை கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் அது நிலைக்க வேண்டுமென்றால் நாற்பது பேர் ஒழுங்காக ஆடிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வருடக் கடைசியில் அறையைப் பல் ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் ஒருமுறை வந்து ஜன்னலைக்கூட அளந்துவிட்டுப் போனார்கள். டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "அங்கிள், யாரும் ஆடலன்னா நம்ம மூணு பேரும் வீட்டுக்குத்தான் போகணும்."

சனிக்கிழமை ஆட்டம்

தொழிற்சாலைப் பேருந்து ஓட்டும் ஒருவர் மனைவியோடு வந்தார். எங்கள் ஊரில் ஒருவரைக் கூப்பிட்டால் ஒருவர் மட்டும் வருவதில்லை. அவர் ஓட்டி வரும் காடியில் எத்தனை இடம் இருக்கிறதோ அத்தனை பேர் வருவார்கள். அந்த அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, படம் பார்க்க வந்தவர்போல முன்வரிசையில் உட்கார்ந்தார். கணவர் மெல்ல டாக்டரிடம், "அவ வெளியே இருக்கலாம்தானே?" என்று கேட்டார். "பரவால்ல அண்ணே, பார்க்கட்டும்," என்றார் டாக்டர். டாக்டருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

சுற்றி முடித்துப் பலகையில் ஏற்றினோம். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு, கால் விரல்களால் நுரையைக் கவ்விக்கொண்டு, ஆடாமல் நிற்கப் பார்த்தார். உடம்பு கேட்கவில்லை. முதலில் வலப்பக்கம் சாய்ந்தார், பிறகு முன்னால், பிறகு என்மேல். நான் வாரைப் பிடித்து நிறுத்தினேன். கண்கட்டை அவிழ்ப்பதற்குள் அவர், "டாக்டர், இது காதுனாலதானே? காதுனாலன்னு இவகிட்ட சொல்லுங்க! நான் இன்னிக்கு ஒரு சொட்டுகூடத் தொடல!" என்று கெஞ்சினார். டாக்டரும் படம் வரைந்து காதைப் பற்றி விளக்கினார். அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"அப்போ சனிக்கிழமை சனிக்கிழமை இவரு ராக்கெட்லதான் வீட்டுக்கு வர்றாரு போல."

களைக்காத மூளை

மூளையைக் களைக்க வைப்பதற்கு ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். கணினித் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். ஒரே எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் கொட்டாவி வரும், அரை மணி நேரத்தில் கோபம் வரும். ஒரு மணி நேரம் முடிந்து வெளியே வருகிறவர் முகம், விசாக் கவுன்டரில் நின்று திரும்பியவர் முகம்போல இருக்கும்.

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் வந்தார். வீட்டில் மூன்று பிள்ளைகள், மாமியார், மாமியாரின் தங்கை. ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் கதவைத் திறந்தால், அந்தப் பெண் பூத்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு பிழைகூட விடவில்லை. வந்தபோது இருந்த களைப்பும் போயிருந்தது. டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "உங்களுக்குச் சலிப்பா இல்லையா அக்கா?" என்று கேட்டார்.

"எவ்ளோ நிம்மதி தெரியுமா டாக்டர்? ஒரு மணி நேரமா யாருமே என்னை அம்மான்னு கூப்பிடல. நாளைக்கும் வரட்டுமா?"

ஏழுக்குப் பதில் ஐந்து

பலகையில் நிற்கும்போதும் மூளைக்கு ஓய்வு கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆயிரத்திலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து, உரக்கச் சொல்லிக்கொண்டே நிற்க வேண்டும். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று, தொள்ளாயிரத்து எண்பத்தாறு என்று போகும். சுங்கை பாக்காப்பில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் மூன்றாவது எண்ணிலேயே நின்றுவிட்டார். கண்கட்டோடு தலையை டாக்டர் இருந்த பக்கம் திருப்பி, வியாபாரக் குரலில் பேசினார்.

"ஏழு ரொம்ப ஜாஸ்தி டாக்டர். நீங்க ஒரு பேச்சு சொல்லிட்டீங்க, நானும் இல்லன்னு சொல்லல. அஞ்சா வெச்சுக்குவோம், ரெண்டு பேருக்கும் நஷ்டம் இல்ல."

எனக்கு வந்த களைப்பு

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனால் யாராவது எண்ணினால் என்னால் சும்மா இருக்க முடியாது. தொழிற்சாலைப் பழக்கம். முன்னால் நிற்பவர் ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லும்போது, பின்னால் நானும் மனத்துக்குள் குறைத்துக்கொண்டே வருவேன். அவர் தவறாகச் சொன்னால் எனக்கு நாக்கு துடிக்கும். சொல்லக் கூடாது என்பதால் விழுங்கிக்கொள்வேன்.

ஒரு நாள் வரிசையாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோருடைய கணக்கையும் போட்டுப் போட்டு, மாலையில் எனக்குத் தலை கனத்துவிட்டது. கடைசியாக வந்தவர் ஒல்லியான தபால்காரர். அவர் பலகையில் லேசாக வலப்பக்கம் சாய்ந்தார். நானும் கூடவே சாய்ந்தேன். அவர் நிமிர்ந்துவிட்டார், நான் நிமிரவில்லை. எதையாவது பிடிக்க வேண்டுமே என்று அவருடைய இடுப்பு வாரையே பிடித்துக்கொண்டேன். அளவு கெட்டது. மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த பிலோமினா நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, யாரு யாரைப் பிடிக்கறதுன்னு பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. நான் போய்க் குடிக்கத் தே தாரேக் வாங்கிட்டு வர்றேன்."

கம்பங்கள்

பாதிப் பேர்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு வந்தவர்கள் ஆடவில்லை. சுற்றினோம், ஆடவில்லை. களைக்க வைத்தோம், ஆடவில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முகவாயைத் தூக்கிக்கொண்டு, தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல, நட்டுவைத்த கம்பங்களாக நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக ஒன்பது பேர். என் கைகளுக்கு வேலையே இல்லை. நிற்கிறவனுக்கு வேலை இல்லாமல் போனால் அவன் எதற்கு என்று பயம் வந்துவிட்டது எனக்கு.

டாக்டர் கருவியைத் தட்டிப் பார்த்தார், கம்பிகளைக் கழற்றி மாட்டினார், புது நுரை வாங்கிப் போட்டார். அந்த வாரம் பார்த்துப் பல்லுக்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்த முறை சுழல் நாற்காலி இருந்த இடத்தில் நின்று, "பேஷன்ட் நாற்காலி இங்க போட்டா வெளிச்சம் நல்லா விழும்," என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் இறங்கிப் போனதும் டாக்டர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, கருவியில்தான் ஏதோ கோளாறு என்றார். பிலோமினா செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறி நின்றார். திரையில் கோடுகள் தாறுமாறாக ஓடின.

"மெஷினு நல்லாத்தான் இருக்கு டாக்டர். என்னைச் சுத்தவே இல்ல, பாருங்க எப்படி ஆடுறேன்னு."

வலப்பக்கம்

நாங்கள் நாற்காலியை எப்போதும் இடப்பக்கமாகத்தான் சுற்றுவோம். ஒரு மாறுதலுக்காக அன்று டாக்டர் வலப்பக்கம் சுற்றச் சொன்னார். அன்று வந்தவர் ஒரு கப்பல் நிறுவனத்தில் குமாஸ்தா. சட்டையில் ஒரு மடிப்புக்கூட இல்லை. கண்ணைக் கட்டும்போது, "எல்லாம் தெரியும், ஆரம்பிங்க," என்று புன்னகை செய்தார். நாற்காலி நகர்ந்த மறுகணமே புன்னகை போய்விட்டது. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கத்தினார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! வலப்பக்கம் சிலபஸ்லயே இல்லையே!"

கண் கட்டிய கூட்டம்

தண்ணீர் கொடுத்து விசாரித்ததில் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எங்களிடம் ஆரம்பத்திலேயே வந்துபோனவர்களில் அம்பலவாணன் என்ற ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் உண்டு. அவர் மாடிப்படி இறங்கும்போதே சோதனை முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார். நன்றாக நிற்கிறவர்களை விண்வெளிக்கு அனுப்பப்போகிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஈப்போக்காரனும் கோலாலம்பூர்க்காரனும் முந்திக்கொள்ளக் கூடாதே என்று, எங்கள் தாமான் குடியிருப்பின் மண்டபத்தில் மாலை வகுப்பு தொடங்கிவிட்டார். நுரைப் பலகைக்குப் பதில் தலையணை. சுழல் நாற்காலிக்கு, முடிதிருத்தும் கடையிலிருந்து ஒரு பழைய நாற்காலி. அது துருப்பிடித்து இடப்பக்கம் மட்டும்தான் சுற்றும். எங்களுக்கு வந்த கம்பங்கள் எல்லாம் அந்த வகுப்பில் தேறியவர்கள்.

அதே தாமானில் குடியிருப்பவன் என்பதால், போய்ப் பேசி நிறுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நான்காம் நாள் மாலை போனேன். மண்டபம் நிறையத் தலையணைகள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆள், கண்ணில் துண்டுக் கட்டு. முன்னால், எல்லாவற்றிலும் பெரிய தலையணைமேல், வாத்தியாரும் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்து காட்டிக்கொண்டிருந்தார். அத்தனை பேரில் ஒரு ஜோடிக் கண்கூட என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் குரல் வந்துவிட்டது.

"யாரும் கட்டை அவிழ்க்காதீங்க, தயவுசெஞ்சு," என்றேன். "நான் அந்த மாடியில பின்னால நிக்கிறவன். இது பரீட்சை இல்லீங்க. யாரையும் மேலே அனுப்பப் போறதில்ல. மேலே போயிட்டு வர்றவங்க எறங்கினதும் எப்படித் தள்ளாடுவாங்கன்னு தெரிஞ்சாத்தான், அவங்க விழாம இருக்க ஒரு வழி பண்ண முடியும். அதுக்கு நாம ஆடணும். நீங்க இப்படி நின்னீங்கன்னா டாக்டரம்மா ரூமைப் பல்லுக்குக் கொடுத்துடுவாங்க. அந்தப் பொண்ணு ராத்திரி பகலா உழைச்சது வீணாப் போயிடும்." என் வாழ்நாளில் நான் தொடர்ச்சியாகப் பேசியது அவ்வளவுதான். பிறகு பெரிய தலையணைமேலிருந்து குரல் வந்தது.

"அப்போ ஆடுறதுக்குத்தான் மார்க்கா? இதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா!"

மார்க்குக்கு ஆடியவர்கள்

மறுவாரம் வந்தவர்கள் எல்லோரும் ஆடினார்கள். ஒருவர் மாடிப்படியிலேயே ஆட ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர் நாற்காலியில் உட்காரும் முன்னால், பெயர் கேட்டதற்கே ஆடினார். கைகளை விரித்து, கண்களைச் செருகி, "ஐயோ, ஐயோ" என்று பின்னணி ஓசையோடு ஆடியவரும் உண்டு. திரையில் ஓடிய கோடுகளைப் பார்த்தால் பூகம்பம் அளந்ததுபோல இருந்தது. டாக்டர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வருடம் முடிய ஒரு மாதம்கூட இல்லை.

அன்று கடைசியாக வந்தவர் சேலை கட்டிய ஓர் அம்மா. அவரை நாங்கள் இன்னும் சுற்றவே இல்லை. பலகையில் ஏறியதும் முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம் என்று தாளம் தவறாமல் ஆடினார். பின்னால் நின்ற பிலோமினா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவரோடு கூடவே போய்ப் போய் வந்தார். சிறிது நேரம் கழித்து அந்த அம்மா கண்கட்டோடு பின்னால் திரும்பிக் கேட்டார்.

"இது போதுமா தங்கச்சி, இல்ல இன்னும் கொஞ்சம் தாராளமா ஆடட்டுமா?"

வாத்தியார் ஏறினார்

சேதி கேட்டு அம்பலவாணன் வாத்தியாரே நேரில் வந்துவிட்டார், வகுப்பையும் கூட்டிக்கொண்டு. பெஞ்சுகள் நிறைந்து, மிச்சப் பேர் சுவரோரம் நின்றார்கள். "நின்னாலும் தப்பு, ஆடினாலும் தப்புன்னா, பிள்ளைங்க என்னதான் பண்ணும்?" என்று டாக்டரைக் கேட்டார். பிள்ளைகள் என்று அவர் சொன்னவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. டாக்டர் கோபப்படவில்லை. "சார், முதல்ல இவங்க எண்ணுறதை நீங்க கொஞ்சம் திருத்தித் தர முடியுமா?" என்று கேட்டார். ஒரு வாத்தியாரிடம் அப்படிக் கேட்டால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

ஒருவர் பின் ஒருவராக வந்து ஏழு ஏழாகக் குறைத்தார்கள். வாத்தியார் ஒரு பிழையையும் விடவில்லை. "எண்ணூற்று இருபத்தைந்துக்கு அப்புறம் எண்ணூற்றுப் பதினெட்டு! பத்தொன்பது எங்கிருந்து வந்துச்சு?" என்று மேசையைத் தட்டினார். அதட்டினார், மறுபடி சொல்லவைத்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பிறகு டாக்டர் பணிவாக, "இப்ப நீங்க ஒரு தடவை ஏறுங்க சார், எல்லாரும் பார்க்கட்டும்," என்றார். வாத்தியார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிலோமினா அவரை வலப்பக்கமாகச் சுற்றினார். நன்றாகவே சுற்றினார்.

பலகையில் அவர் கைகளைக் கட்டி, முகவாயைத் தூக்கி, உரக்க ஆரம்பித்தார். "தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று. தொள்ளாயிரத்து எண்பத்தாறு. தொள்ளாயிரத்து... தொள்ளாயிரத்து..." அடுத்த எண் வரவில்லை. அதைத் தேடிக்கொண்டு உடம்பு வலப்பக்கம் போனது. ஒரு கால் தூக்கிக்கொண்டது. கட்டிய கைகள் பிரிந்து காற்றைத் துழாவின. இதில் நடிப்பு துளியும் இல்லை. பின்னால் நிற்கிறவனுக்கு அது தெரியும். கனமான மனிதர். நான் வாரைப் பிடித்தேன், அவர் என்னைப் பிடித்தார், இருவரும் போய்ச் சுவரில் சாய்ந்தோம். அறை முழுக்கக் கண் திறந்தவர்கள். எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு உள்ளங்காலிலிருந்து கூச்சம் ஏறியது. யாரும் சிரிக்கத் துணியவில்லை. தேறாத வகுப்பைப் பார்ப்பதுபோல அவர்கள் வாத்தியாரைப் பார்த்தார்கள். அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார், கண்கட்டை அவிழ்த்தார், மூக்குக்கண்ணாடியை மாட்டினார், வகுப்பின் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் பார்த்தீங்கதானே? இப்படித்தான் ஆடணும்."

வாத்தியாரே ஆடிவிட்ட பிறகு யாருக்கும் பயமில்லை. நடித்தவர்கள் எல்லோரும் மறுபடி வந்தார்கள். ஆட்டம் வந்தபோது ஆடி, வராதபோது நின்றார்கள். வகுப்பில் பழகிய கம்பங்களை டாக்டர் தனிப் பிரிவாக வைத்துக்கொண்டார். அவர்களும் நன்றாகக் களைத்து, வலப்பக்கம் சுற்றிய பிறகு மற்றவர்களைப்போலவே ஆடியதில் அவருக்கு ரொம்ப சந்தோஷம். பல்லுக்காரர்கள் கீழ்த்தளத்தில் இடம் பார்த்துக்கொண்டார்கள். நான் இன்னும் மாடியில்தான் நிற்கிறேன்.

இத்தனை முதுகுகளுக்குப் பின்னால் நின்றதில் எனக்கு விளங்கியது இதுதான்: மனிதனை விண்வெளிக்குக்கூட அனுப்பிவிடலாம், நாலு பேர் பார்க்கும்போது அவனை உள்ளபடி தள்ளாடவைப்பதுதான் பெரும்பாடு.